நற்செயலுக்கு நாமினி யார்?

எதிர்காலத்தை விற்றுப் பிழைத்தவன் நான். விசிட்டிங் கார்டில் ‘ஆயுள் காப்பீட்டு முகவர்’ என்று கௌரவமாகப் போட்டிருந்தது. கும்பகோணம் பக்கத்துக் கிராமங்களில் அந்தக் கௌரவம் செல்லாது. “எல்.ஐ.சி.காரர் வர்றார், அப்பா வயலுக்குப் போயிட்டார்னு சொல்லு” என்று வயலுக்குப் போகாத அப்பாவே உள்ளிருந்து குரல் கொடுப்பார். நான் அசர மாட்டேன். டி.வி.எஸ். 50ஐ வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, “இன்னிக்குச் சின்னதா ஒரு தொகை கட்டுங்க, இருபது வருஷம் கழிச்சுப் பாருங்க” என்று ஆரம்பிப்பேன். அவர் இருபது வருஷத்தையெல்லாம் பார்க்க மாட்டார். வாசலில் நிற்கும் என் வண்டியைத்தான் பார்ப்பார், எப்போது கிளம்பும் என்று.

ஆகவே, யாராவது ஒரு குழந்தையிடம் போய், “நீ இன்னிக்குச் செய்யற சின்ன நல்ல காரியம் நாளைக்கு உலகத்தையே மாத்தும்” என்று சொல்வதைக் கேட்டால் எனக்குத் தொழில் பாசம் பொங்கிவிடும். அச்சு அசலாக எங்கள் வசனம்! சிறிய தவணை, பெரிய முதிர்வுத் தொகை, நடுவில் கேள்வி கேட்கக் கூடாது. ஆனால் ஒன்று. நாற்பது வயது விவசாயியிடம் இருபது வருஷத்தை விற்றுவிடலாம், நானே விற்றிருக்கிறேன். ஒன்பது வயதுப் பையனிடம் விற்கவே முடியாது. அவனுக்கு எதிர்காலம் என்றால் சனிக்கிழமை. மிகத் தொலைவான எதிர்காலம் என்றால் தீபாவளி. அதற்கு அப்பால் உள்ளதெல்லாம் பெரியவர்கள் புத்தி சொல்வதற்காகக் கைவசம் வைத்திருக்கும் காலம் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் காலத்திலும் நல்லது சொல்லித் தரத்தான் செய்தார்கள். வாரத்துக்கு ஒரு பீரியட் ‘நீதி போதனை’. அது கால அட்டவணையில் மட்டும் நடக்கும். கணக்கு வாத்தியார் “போர்ஷன் முடியலை” என்று அந்தப் பீரியடைக் கடன் வாங்கிக்கொண்டு போவார். திருப்பித் தந்ததே கிடையாது. கடன் வாங்கினால் திருப்பித் தர வேண்டியதில்லை என்பதுதான் நீதி போதனை வகுப்பில் நாங்கள் கற்றுக்கொண்ட ஒரே நீதி.

இப்போது பிள்ளை வீட்டோடு தாம்பரம் பக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். நாலாம் வகுப்புப் படிக்கும் பேரனின் பள்ளிக்கூடத்தில் நீதியைக் காற்றில் விடுவதாக இல்லை. வருஷ ஆரம்பத்திலேயே ‘நற்செயல் நோட்டு’ என்று ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். அட்டையில் சூரியன் உதிக்கிறது. உள்ளே நான்கு கட்டங்கள்: தேதி, நற்செயல், யாருக்குப் பயன், பெற்றோர் கையொப்பம். தினம் ஒன்று கட்டாயம். ஞாயிற்றுக்கிழமைக்கும் விலக்கு இல்லை.

முதல் வாரம் வீடு சொர்க்கம். குடிக்கக் கேட்காமலே தண்ணீர் வந்தது. செருப்புகள் ஜோடி ஜோடியாக நின்றன. ஓடாத ஃபேன்கூட ஒரு தடவை நிறுத்தப்பட்டது. ‘மின்சாரம் சேமித்தேன். பயன்: தமிழ்நாடு’ என்று எழுதியிருந்தான். கையெழுத்துப் போடும்போது மருமகளுக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாவது வாரத்தில் சரக்குத் தட்டுப்பாடு வந்தது. மூன்று பெட்ரூம் வீடு ஒரு நாளைக்கு எவ்வளவு கஷ்டத்தைத்தான் உற்பத்தி செய்ய முடியும்? வீட்டில் எல்லாருக்கும் கை கால் நன்றாக இருந்தது. சாமான்கள் அதனதன் இடத்தில் இருந்தன. இரவு ஒன்பது மணிக்கு என் கட்டிலருகே வந்து, “தாத்தா, உனக்கு ஏதாவது கஷ்டம் இருக்கா?” என்று கேட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்தப் பிள்ளை கேட்டதில்லையே இப்படி! அப்புறம் அவன் கையில் பென்சில் இருப்பதைப் பார்த்தேன்; கலக்கம் தெளிந்துவிட்டது. பாட்டிதான் நிலைமையைச் சமாளித்தாள். மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் தரையில் நழுவவிட்டு, “ஐயையோ, விழுந்துடுத்தே, யாராவது எடுத்துக் குடுங்களேன்” என்று சபா நாடகக் குரலில் அறிவித்தாள். பேரன் பாய்ந்து எடுத்தான். மறுநாளும் கூடு விழுந்தது. மூன்றாம் நாள் கூட்டின் கீல் விட்டுப்போய் உண்மையிலேயே ஒரு கஷ்டம் உண்டாயிற்று. அதை ஒட்டிக் கொடுத்ததில் இன்னொரு நாள் ஓடியது.

உள்நாட்டுச் சந்தை இப்படி வறண்ட பிறகு பிள்ளைகள் வெளியே கிளம்பினார்கள். பிள்ளைகள் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடியிருப்பிலிருந்து அதே பள்ளி வேனில் ஒரு பட்டாளமே ஏறுகிறது. எல்லார் கையிலும் நோட்டு. எல்லாருக்கும் அவசரம். அப்படிப்பட்டவர்களின் கண்ணில் பட்டவர் கேட்டில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் அண்ணாச்சி.

உடன்குடிக்காரர். கருப்பட்டிக்குப் பேர்போன அந்த ஊரில் பனையேறும் குடும்பத்தில் பிறந்தவர்; முழங்கால் தேய்ந்த பிறகு பிளாஸ்டிக் நாற்காலிக்கு வந்து சேர்ந்தவர். வெயில், யூனிஃபார்ம், வயசு என்று ஒரு நற்செயலுக்கு வேண்டிய அம்சங்கள் எல்லாம் அவரிடம் ஒருசேர அமைந்திருந்தன. ஒருநாள் நான் பால் பாக்கெட் வாங்க இறங்கியபோது, அவர் எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

“ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். வெடிஞ்சதுலேர்ந்து பி பிளாக் பாப்பா ரெண்டு செம்பு தண்ணி. சி பிளாக் தம்பி நன்னாரி சர்பத்து. மேல் வீட்டுப் பிள்ளைக மூணு பேரும் தனித்தனியா எலுமிச்சம்பழச் சாறு. இப்பம் உங்க பேரன் மோரோட நிக்கான். வேண்டாம்னா அழுதுருவானோன்னு பயமா இருக்கு. நான் கேட்டைப் பாக்கவா, பாத்ரூமுக்குப் போய்ப் போய் வாரவா?”

அன்று மாலை அவரே ஒரு ஏற்பாடு செய்தார். திங்கள் ஏ பிளாக், செவ்வாய் பி பிளாக் என்று முறை. மற்ற நாளில் வருகிறவர்கள் வணக்கம் மட்டும் சொல்லலாம். அதையும் நோட்டில் எழுதிக்கொள்ள ஆட்சேபணை இல்லை. வழிந்த கூட்டம் செக்யூரிட்டி அறைப் பக்கம் படுத்திருக்கும் தெருநாய் மேல் பாய்ந்தது. எலும்பும் தோலுமாக இருந்த அது பிஸ்கட் தின்றே பீப்பாயாகிவிட்டது. முன்பெல்லாம் ராத்திரி அந்நியர் வந்தால் குரைக்கும். இப்போது எழுந்து போய், அவர் கையில் என்ன கொண்டுவந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு வருகிறது.

குருவிக் கிண்ணத்தின் கதையும் இதே வகைதான். சிட்டுக்குருவிக்குத் தண்ணீர் வையுங்கள் என்று வகுப்பில் சொன்னதும் எங்கள் வளாகத்தில் பால்கனிக்கு ஒரு கிண்ணம் முளைத்தது. குருவியை யாரும் பார்க்கவில்லை. புறா வந்தது. காக்கா வந்து எங்கிருந்தோ பொறுக்கிய வடைத் துண்டை ஊறவைத்துத் தின்றது. பத்து நாள் கழித்து ஒரு காலையில், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டார்ச்சுமாக, டெங்கு ஒழிப்புப் பணியில் வீடு வீடாகப் போகும் அம்மா ஒருவர் வந்தார். நேரே பால்கனிக்குப் போனார். கிண்ணத்துக்குள் டார்ச் அடித்து, “தம்பி, இங்க வா” என்றார்.

நானும் எட்டிப் பார்த்தேன். வெளிச்சம் பட்டதும் தண்ணீரின் மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த நூலிழைத் துணுக்குகள் எல்லாம் உடம்பை வளைத்து வளைத்துக் கீழே இறங்கின. கிண்ணத்தின் அடியைத் தொட்டுவிட்டு, கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக மூச்சு விட மேலே வந்து மறுபடி தொங்கின. “ஏடிஸ் கொசுப் புழு. இது நல்ல தண்ணியிலதான் முட்டை போடும். ஒரு வாரம், பத்து நாள்ல பறந்துடும்” என்றார். பிறகு தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டி, தேங்காய் நார் கேட்டு வாங்கி, கிண்ணத்தின் உள்விளிம்பைப் பரபரவென்று தேய்த்தார். வெறுமனே கொட்டினால் போதாதாம். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்துவிட்டு, அடுத்த தடவை தண்ணீர் பட்டதும் பொரியுமாம். “தினம் தண்ணிய மாத்து. வாரம் ஒருக்கா நல்லாத் தேய்ச்சுக் கழுவு. அப்ப குருவிக்கும் நல்லது, உங்க வீட்டுக்கும் நல்லது” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு அழைப்பு மணியை அடித்தார்.

நல்லெண்ணம் மட்டும் போதாது, தேங்காய் நாரும் வேண்டும் என்பதை இவ்வளவு சிக்கனமாக எந்த நீதி போதனை வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. பேரன் அதைவிடச் சிக்கனம். அன்றைக்கு நோட்டில் எழுதியிருந்தான்: ‘குருவிக்குத் தண்ணீர் வைத்தேன். பயன்: கொசு.’

இதெல்லாம் போகட்டும். நோட்டால் உண்மையில் அவதிப்பட்டவன் என் பிள்ளைதான். காலையில் பள்ளி வேனைத் தவறவிட்டால் அவன்தான் பைக்கில் கொண்டுபோய் விடவேண்டும். வழியில் ஒரு சிக்னல். அங்கே சிவப்பு விளக்கு எரிவது அலங்காரத்துக்கு என்பது அந்த வட்டாரத்தில் எல்லாரும் மனமொப்பி ஏற்றுக்கொண்ட விஷயம். ஒருநாள் அவன் வழக்கம்போல நழுவப் பார்க்க, பின்னால் இருந்து குரல்: “அப்பா, ரெட்.” நின்றான். பின்னால் ஹாரன்கள் கதறின. ஒரு ஷேர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, “இன்னா சார், வண்டி ரிப்பேரா?” என்று நிஜமான அக்கறையோடு விசாரித்தார். ரிப்பேர் இல்லை, ரெட் என்று சொல்ல என் பிள்ளைக்கு வெட்கமாகப் போய்விட்டது; பெட்ரோல் டாங்கைக் குனிந்து பார்ப்பதுபோல் நடித்தானாம். சாயங்காலம் நோட்டில் ‘அப்பாவை நிற்க வைத்தேன். பயன்: அப்பா’ என்று இருந்தது. அதன் கீழே அப்பாவே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அந்தக் கையெழுத்தில் வழக்கமாக வரும் சுழியைக் காணோம்.

இவ்வளவும் நடக்கும்போது நான் சும்மா இருக்க முடியுமா? எதிர்காலத்தை விற்ற வாய் அல்லவா! சின்னச் செயல் எப்படிப் பெரிதாகும் என்று அத்தாட்சியோடு காட்ட முடிவு செய்தேன். நான் பள்ளியில் சாரணன். காக்கி அரை டிராயரும் கழுத்தில் ஸ்கார்ஃபுமாக இருக்கும் என் புகைப்படம் டிரங்குப் பெட்டியில் இப்போதும் உண்டு. தினம் ஒரு நற்செயல் என்பது சாரணர் இயக்கத்தின் பழைய சட்டம். 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பையன்களைக் கூட்டி முதல் முகாம் போட்ட பேடன் பவல் தந்தது. காலையில் ஸ்கார்ஃப் முனையில் ஒரு முடிச்சு. நல்லது ஒன்று செய்த பிறகுதான் அவிழ்க்கலாம். எங்கள் சாரண ஆசிரியர் போடச் சொன்ன முடிச்சுகளை நினைத்தால் இப்போதும் விரல் வலிக்கும். சிலதை நற்செயல் செய்த பிறகும் அவிழ்க்க முடியாது, பல்லால்தான்.

அந்த முடிச்சுக் கதையோடு அமெரிக்கக்காரர் கதையையும் சேர்த்துச் சொன்னேன். வில்லியம் பாய்ஸ் என்று சிகாகோ பத்திரிகை முதலாளி ஒருவர். 1909இல் லண்டன் மூடுபனியில் வழி தெரியாமல் நின்றாராம். ஒரு பையன் வந்து, போகவேண்டிய இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டானாம். காசு கொடுத்தால், “நான் சாரணன், நல்லது செய்யக் காசு வாங்க மாட்டேன்” என்று மறுத்துவிட்டானாம். அசந்துபோன பாய்ஸ் சாரணர் விவரமெல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய், 1910இல் அமெரிக்காவில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கினார். கதையில் மூடுபனியைக் கொஞ்சம் தாராளமாகவே தூவிவிட்டார்கள் என்று வரலாற்றுக்காரர்கள் சொல்வதுண்டு. நான் அதைப் பேரனிடம் சொல்லவில்லை. பாலிசியின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்துக் காட்டிய முகவர் உண்டா?

“அந்தப் பையனுக்கு என்ன குடுத்தாங்க?” என்றான்.

“யாருன்னே தெரியலைப்பா. பேரே சொல்லாமப் போயிட்டான். ஆனா அவன் ஞாபகார்த்தமா 1926இல் அமெரிக்கச் சாரணர்கள் இங்கிலாந்துக்குச் சிலை குடுத்தாங்க. லண்டன் பக்கத்துல கில்வெல் பார்க்கில் இப்பவும் இருக்கு.”

“அவன் சிலையா?”

“இல்லை. காட்டெருமை.”

அவன் என்னை நெடுநேரம் பார்த்தான். “வழி காட்டினது பையன். சிலை எருமைக்கா?”

அமெரிக்கர்களுக்குக் காட்டெருமை எவ்வளவு உயர்ந்த சின்னம் என்று விளக்கிப் பார்த்தேன். எடுபடவில்லை. “அவன்கிட்ட நற்செயல் நோட்டு இருந்திருந்தா பேரு தெரிஞ்சிருக்கும்ல?” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு, தன் நோட்டின் அட்டையில் பெயரை இன்னும் அழுத்தமாக எழுதிக்கொண்டான்.

லண்டன் சரிப்படாது என்று உள்ளூருக்கு வந்தேன். 1920. பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரலாம் என்று முடிவெடுத்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது. ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு, அவ்வளவுதான் செலவு. அதற்கப்புறம் காமராஜரின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022இல் அரசுப் பள்ளிகளில் காலை உணவு என்று அது எங்கெங்கோ வளர்ந்துவிட்டது. இதைச் சொல்லும்போது எனக்கே குரல் கம்மியது. பேரன் கேட்டது ஒன்றுதான்: “ஓரணாவுக்கு என்ன டிபன்?” நான் வாயைத் திறப்பதற்குள் பாட்டி சமையலறையிலிருந்து, “உப்புமாதான், வேறென்ன?” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். உப்புமா என்றதும் தியாகராயர் மேல் அவனுக்கு இருந்த மதிப்புச் சற்றுக் குறைந்ததைக் கண்ணால் கண்டேன்.

கதையெல்லாம் தோற்ற இடத்தில், புரட்டாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாக்குச் சாக்காகப் பனங்கொட்டை வந்து இறங்கியது. பக்கத்து ஏரிக்கரையில் பள்ளிப் பிள்ளைகள் விதைக்க ஏற்பாடு. இப்போது பனைக்கு நல்ல காலம். 2021இல் தமிழ்நாட்டில் முதன்முதலாகத் தனியாக வேளாண் பட்ஜெட் போட்டபோதே 76 லட்சம் பனை விதை கொடுப்பதாக அறிவித்து, பனையை வெட்டுவதற்குக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்றும் சொன்னார்கள். மாநில மரத்துக்கு அந்த மரியாதைகூட இல்லாவிட்டால் எப்படி? அண்ணாச்சி அன்றைக்கு லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்தார். பத்தடிக்கு ஒரு குழி. ஓரடி ஆழம். நார் சிலிர்த்த கறுப்புக் கொட்டையை வைத்து மண்ணைத் தள்ளி மிதித்தால் முடிந்தது. பிள்ளைகள் அதைச் செய்த வேகத்தைப் பார்க்கவேண்டும்! உலகத்தைக் காப்பாற்றுகிற முகபாவம் ஒருத்தருக்கும் இல்லை. சேற்றில் கால் வைக்க அனுமதி கிடைத்த முகபாவம்தான். அம்மாக்கள் கரையில் நின்றுகொண்டு “ஷூ, ஷூ” என்று கத்தினார்கள்.

இங்கே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு நாம் எதிர்காலத்தை விளம்பரப்படுத்தவே வேண்டாம். அவர்களுக்குக் குழி தோண்டுவதே போதும். குழியில் எதைப் போடுவது என்று மட்டும் பெரியவர்கள் கொஞ்சம் கவனமாகப் பார்த்துக்கொண்டால் சரி.

அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. “தோண்டிப் பாக்கலாமா?” என்றவனை அண்ணாச்சி மடக்கினார்.

“தம்பி, மத்த வெதை மாரி இல்ல இது. மொதல்ல கீழதான் போவும். குழாய் மாரி மண்ணுக்குள்ள எறங்கி, அடியில கெழங்கு பிடிக்கும். மேல மொத ஓலை தலகாட்டவே மாசக்கணக்கா ஆவும். அதுக்கப்புறமும் வருசக்கணக்குல தரையோட தரையாத்தான் கெடக்கும். காய்க்கதுக்குப் பதினஞ்சு இருவது வருசம் ஆயிரும்.”

“நுங்கு வருமா?”

“பொம்பளப் பனையா இருந்தா வரும். ஆம்பளப் பனைன்னா நுங்கு கெடையாது. பாளை விடுத வரைக்கும் எதுன்னு தெரியாது.” பையனின் முகம் போன போக்கைப் பார்த்து, “ஆம்பளப் பனையிலயும் பதனி எறக்கலாம்டே. ஒண்ணும் வீணாப் போவாது” என்று ஆறுதலாகச் சேர்த்தார்.

நான் மலைத்துப்போனேன். ஒரே தவணை. பதினைந்து இருபது வருஷக் காத்திருப்பு. முதிர்வு நாளில் கவரைப் பிரித்தால்தான் உள்ளே நுங்கா இல்லையா என்று தெரியும். இப்படி ஒரு பாலிசியை நான் எங்கள் பக்கத்துக் கிராமத்தில் விற்றிருந்தால், டி.வி.எஸ். 50ஐப் பிடுங்கிக்கொண்டு என்னை வேப்பமரத்தில் கட்டியிருப்பார்கள்.

பேரன் விரல் விட்டு எண்ணினான். பதினெட்டு வருஷம் என்று வைத்துக்கொண்டால் அவனுக்கு இருபத்தேழு. “தாத்தா, உனக்கு?”

“எண்பத்து நாலு.”

“பல்லு இருக்குமா?”

“நுங்குக்குப் பல் எதுக்குடா?” என்றாள் பாட்டி. அவள் சொல்வது சரிதான். இயற்கை சில விஷயங்களை முன்கூட்டியே யோசித்துத்தான் செய்திருக்கிறது.

சிக்கல் நோட்டில் வந்தது. ‘பனை விதைத்தேன். பயன்: எனக்கு’ என்று எழுதியதை ஆசிரியை சிவப்பு மையில் சுழித்து, ‘நற்செயல் பிறருக்குப் பயன்பட வேண்டும்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். திருத்தி எழுதிக்கொண்டு என்னிடமே கையெழுத்துக்கு நீட்டினான். ‘பயன்: தாத்தாவுக்கு (இருந்தால்)’.

என் வாழ்நாளில் எத்தனையோ பேரை உட்காரவைத்து, ‘ஒருவேளை நீங்கள் இல்லாத பட்சத்தில்’ என்று இனிமையாகச் சொல்லியிருக்கிறேன். எனக்கு அதை யாரும் எழுத்தில் கொடுத்ததில்லை. அடைப்புக்குறி போட்ட நாகரிகத்தை மெச்சத்தான் வேண்டும். தொழில் அனுபவத்தைக் காட்டி, “நாமினின்னு ஒருத்தர் பேர் போடுவோம்டா. நமக்கப்புறம் அவருக்குப் போய்ச் சேரும்” என்றேன்.

“யாரு பேரு போடறது? யாரு வருவாங்கன்னு தெரியாதே.”

எனக்கும் பதில் தெரியவில்லை. எங்கள் பாரத்தில் பெயர், உறவுமுறை, வயது மூன்றும் கேட்பார்கள்; ‘யாரோ’ என்று எழுதினால் கிளை அலுவலகத்தில் தூக்கி எறிவார்கள். ரப்பரால் அழித்து அழித்து அந்தக் கட்டத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது. கடைசியில் ‘அப்போ வெயில்ல வர்றவங்களுக்கு’ என்று பேச்சு மொழியிலேயே எழுதிக்கொண்டு போனான். ஆசிரியை ‘வெரி குட்’ போட்டிருந்தார். ‘வர்றவங்களுக்கு’ என்பதைத் திருத்தி ‘வருபவர்களுக்கு’ என்றும் போட்டிருந்தார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போன அண்ணாச்சி, திரும்பி வரும்போது ஒரு கட்டுப் பனங்கிழங்கை எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தார். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தாயிற்று. நுனி கூராக, தோல் உரிந்து, மஞ்சள் பாரித்துக் கிடந்தது. பேரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“நாம நட்டதுக்குக் கீழயும் இதுதான் இருக்குமா?”

“ஆமா.”

“தோண்டினா இப்பவே சாப்பிடலாமா?”

சரண்டர் வேல்யூ! பதினெட்டு வருஷம் பொறுக்க முடியாதவர்களுக்குத் தை மாதத்திலேயே கையில் கிடைக்கும் தொகை. எங்கள் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் கேட்கும் கேள்வியைப் பையன் தானாகவே வந்தடைந்துவிட்டான். அண்ணாச்சி அலறினார். “மரத்துக்குன்னு போட்டதைத் தொடப்பிடாது தம்பி! கெழங்குக்குன்னு போடுதது வேற. மணல்ல பாத்தி கட்டி, கொட்டைய நெருக்கமா அடுக்கி மூடிருவோம். தையில பிடுங்கதுக்குன்னே போடுதது. ஒனக்கு வேணும்னா அடுத்த வருசம் நானே கொண்டாரேன்.”

கிழங்கை இரண்டாகப் பிளந்து, நடுவிலுள்ள குருத்தை உருவி எறிந்துவிட்டு, நாரைக் கிள்ளி இழுத்துக்கொண்டே எப்படித் தின்பது என்று அவர் செய்து காட்டினார். பேரன் பாதிக் கிழங்கோடு நோட்டைத் திறந்தான். அன்றைய கட்டம் காலி.

“தாத்தா, வாட்ச்மேன் மாமா எனக்குக் கிழங்கு குடுத்தார். இது நற்செயல்தானே?”

“சந்தேகம் என்ன?”

“அவர்கிட்ட நோட்டு இல்லியே. நான் எழுதிக்கட்டுமா?”

“செய்தது அவர்டா.”

“வாங்கிக்கிட்டது நான்தானே? நான் வாங்கலேன்னா அவர் எப்படிக் குடுப்பார்?”

சர்பத்து சர்பத்தாகக் குடித்துக் குடியிருப்பின் மொத்த நோட்டுகளையும் நிரப்பிக் கொடுத்த அண்ணாச்சி, “பாயிண்டு சரிதான், ஐயா” என்று தலையாட்டினார். நானும் ஏதோ சட்ட நுணுக்கம் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அதற்குள் கிழங்கு நார் ஒன்று கடைவாயில் வசமாக மாட்டிக்கொண்டது. நாக்கால் துழாவினேன், விரலால் இழுத்தேன், முகத்தை அஷ்டகோணலாக்கினேன், அது நகரவில்லை.

பேரன் முகம் மலர்ந்தது. “தாத்தா, இப்போ உனக்குக் கஷ்டமா இருக்கா?” என்று ஆவலோடு கேட்டுவிட்டு உள்ளே ஓடினான். திரும்பி வந்தபோது ஒரு கையில் பல்குச்சி, மறு கையில் பென்சில்.